நாற்பது மார்க்கு

திண்டிவனம் ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் தேவநாதனுக்கு வந்த கோபம், ரயிலேறி விழுப்புரத்தில் இறங்கிய பிறகும் ஆறவில்லை.

காலேஜிலிருந்து கடுதாசி வந்திருந்தது. போன வருஷம் அவரிடம் படித்துப் போன பிள்ளைகளுக்குத் தலைகீழாக நின்றாலும் கால்குலஸ் ஏறவில்லையாம். ஹைஸ்கூலில் என்னதான் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மானம் கப்பலேறிவிட்டது.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். தேவநாதனுக்கு, பிள்ளைகள் கீழ் வகுப்பில் படித்து வந்த லட்சணம்தான் கோணலாகத் தெரிந்தது. இந்த வருஷமாவது களையெடுத்துவிட வேண்டும் என்று கிளம்பினார்.

முதல் களை, காணையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் தாண்டவராயன். ஹைஸ்கூலின் கடைசி வகுப்பான ஆறாவது பாரம் வந்துவிட்டான். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்கிறான். கூட்டினால் அரையைவிடக் குறையுமா? இவனைச் சர்க்கார் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். வகுப்புக்கு வகுப்பு பாஸாகி வந்தவனை எப்படி நிறுத்துவது, ஆதாரம் கொண்டு வாரும் என்றுவிட்டார் ஹெட்மாஸ்டர்.

ஆதாரம் விழுப்புரத்தில், முத்துசாமி வாத்தியார் வீட்டில் இருந்தது. மூன்றாவது பாரத்துக்கு இருபத்துமூன்று வருஷமாக அவர்தான் கணக்கு. அங்கே படித்துவிட்டு வந்த தாண்டவராயனுக்கும், அவனுக்கு வெகு முன்னால் தேவநாதனுக்கும் அவர்தான் நடத்தினார்.

"நீங்க பாஸ் போட்டு அனுப்பினவன் சார். பின்னமே தெரியல. நெஜமா எவ்ளோ வாங்கினான்?"

முத்துசாமி ஒளிக்கவில்லை. மார்க்கு நோட்டைப் பிரித்துக் காட்டினார். பதினெட்டை அடித்துவிட்டு முப்பத்தைந்து என்று எழுதியிருந்தது.

தேவநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அஸ்திவாரமே போடாம என் தலையில கட்டிட்டீங்களே. எங்க காலத்துல இப்பிடியா இருந்தது? நான் உங்ககிட்ட நாப்பது வாங்கிட்டு, அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சவன் சார்."

முத்துசாமி நோட்டை மூடி அவர் முன்னால் வைத்தார்.

"பெயில் போட்டா, பள்ளிக்கூடத்துக்குப் பாதிச் சம்பளம் கட்டினா போதும்ங்கற சலுகை போயிடும், தேவநாதா. அப்பன் கூலிக்காரன். மறுநாளே இவனும் ஏரு ஓட்டப் போயிருப்பான். பாதிதான் என்னால சொல்லிக் குடுக்க முடிஞ்சது, அது என் தப்புதான். மிச்சத்த மேல எவனாச்சும் உக்காந்து சொல்லித் தருவான்னு நம்பி அனுப்பிட்டேன்."

"நம்பிக்கைக்கெல்லாம் மார்க்கு போட முடியுமா சார்? பதினெட்டுதான்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க."

"போடறேன். ஆனா ஒருத்தனுக்கு மட்டும் போட்டா ஞாயம் இல்ல. இப்பிடி நான் திருத்தினது பதினோரு பேருக்கு. நான் ஏத்திப் போட்டதையெல்லாம் நீயே அடிச்சிடு, மொத்தமா கையெழுத்து போடறேன். மொதப் பக்கத்துலேருந்து ஆரம்பி."

தேவநாதன் ஜல்தியாகப் பேனாவை வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பினார். மேலே 1919 என்று போட்டிருந்தது. அவருடைய அப்பா செத்துப்போன வருஷம்.

மூன்றாவது வரியில் அவர் பெயர் இருந்தது. அதற்கு நேரே, பத்தொன்பதை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதியிருந்தது.