அசல் வெளிநாட்டு ரீச்சர்

"வெளிநாட்டு ரீச்சர் எண்டுதானே பனர் கட்டினனீங்கள்? உவ எங்கடை ஆக்கள் மாதிரியெல்லோ இருக்கிறா!"

மருதனார்மடத்தில் தனியார் வகுப்பு நடத்தும் ரியூட்டரி வாசலில் நின்று ஒரு தாய் நிர்வாகி கோபிசங்கரிடம் கத்தினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் லண்டனிலை பிறந்து வளந்தனான், அம்மா. அங்கையும் இங்கிலீஷ்தான் படிப்பிச்சனான்."

"இருக்கலாம் பிள்ளை. ஆனா உங்கடை நிறத்தைப் பாத்து ஆர் நம்புவினம்?"

வந்த நாளிலிருந்து இதே கதைதான். என் உச்சரிப்புப் பிழையென்று பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள்.

கோபிசங்கர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"குறை நினையாதேங்கோ. திங்கக்கிழமையிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பி வாறார். நீங்கள் படிப்பிக்கத் தேவையில்லை, பிள்ளையளின்ரை கொப்பியளைத் திருத்தினாக் காணும்."

திங்களன்று வகுப்பு நிரம்பி வழிந்தது. பொன்னிற முடியும் நீலக் கண்களுமாக அவன் உள்ளே வந்தான்.

"உவரெல்லோ ரீச்சர்!" என்று அதே தாய் பூரித்துப்போனாள்.

அவன் நேரே, மூலையில் கொப்பிகளோடு இருந்த என்னிடம் வந்தான். முகம் வியர்த்திருந்தது. குனிந்து என் காதருகே மெல்லச் சொன்னான்.

"அக்கா, எனக்கு இங்கிலீஷ் துண்டற வராது. அப்பாவும் அம்மாவும்தான் பிரான்ஸ் ஆக்கள். நான் கொடிகாமத்திலை பிறந்து வளந்தனான். இஞ்சை நான் கேட்டது தமிழ் படிப்பிக்கிற வேலை."