தரைப்பாலத்துப் பரீட்சை

“ஆத்தாளைப் பூட்ஸோட தாண்டக் கூடாதுங்க அம்மணி” என்று சொல்லிக்கொண்டே, மோட்டார் இன்ஸ்பெக்டர் வெங்கடபதி உட்கார்ந்த இடத்திலேயே குனிந்தார். எதிரே அமராவதி, தரைப்பாலத்தை முழுங்கிவிட்டுச் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தாறாம் வருஷத்து ஐப்பசி வெள்ளம்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தெய்வாத்தாளுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு ஆற்றின் மேல் இவ்வளவு பக்தியா! தொந்தி இடித்ததோ என்னவோ, மனிதர் முக்கி முனகி நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ம், எறக்குங்க” என்றார்.

அவள் புருஷன் ஆறுச்சாமி போய்ச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவன் தாராபுரத்தில் ஓட்டிய வாடகைக் கார் தனக்குத்தான் என்று கொழுந்தன் பாலுசாமி ஒற்றைக் காலில் நின்றான். பங்காளிகள் கூடிப் பேசினார்கள். தெய்வாத்தாள் லைசென்ஸ் வாங்கினால் வண்டி அவளுக்கு, வாங்காவிட்டால் பாலுசாமிக்கு என்று முடிவாயிற்று. வெள்ளைச் சேலை கட்டியவளாவது, லைசென்ஸ் வாங்குவதாவது என்ற தைரியம் அவர்களுக்கு.

ஆறுச்சாமி வண்டியைப் பிரித்துப் போட்டபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டே அவன் உயிரை வாங்கியவள் அவள் என்பது அவர்களுக்குத் தெரியாது. இன்றைக்குக் காலையிலும் டயரைத் தட்டிப் பார்த்து, டாங்கியை நிரப்பி, இடது சீட்டின் கால்மாட்டில் இருந்த பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டு, பானெட்டைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் வண்டியை எடுத்தாள். சந்தைக் கூட்டத்தில் ஒரு கோழிக்குக்கூடச் சேதமில்லாமல் ஓட்டிக் காட்டியாயிற்று. வெள்ளத்தையும் தாண்டிவிட்டால் கையெழுத்துப் போடுவதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

முதல் கியரில், அலை எழும்பாமல், வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கினாள். பாதிப் பாலம்கூடப் போயிருக்காது. இன்ஜின் இரண்டு தரம் விக்கியது, அப்படியே நின்றுவிட்டது.

கரையில் பங்காளிகளோடு நின்றிருந்த பாலுசாமி அண்ணியைப் பார்த்துக் கைகொட்டினான். “நங்கையா! கரண்டுல தண்ணி பூந்துபோச்சு! எறங்கி ஊட்டுக்குப் போங்க, அடுப்பு காத்துக் கிடக்குது!”

“தண்ணிக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுங்க கொழுந்தனாரே! செத்த நேரம் வாயை மூடிட்டு நில்லுங்க!” என்று திருப்பிக் கொடுத்தாள் தெய்வாத்தாள்.

இன்ஸ்பெக்டர்தான் பெற்ற தகப்பனைப் போல ஆறுதல் சொன்னார். “மனசை உட்டுறாதீங்க அம்மணி. இத்தனை தண்ணியில எந்தக் கொம்பன் ஓட்டுனாலும் கரண்டு செத்துத்தான் போகும். அடுத்த வருசம் பார்த்துக்கலாமுங்க.” தரைப்பலகை இடுக்கில் தண்ணீர் ஏறியதும், பூட்ஸ் நனையாமல் இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டார்.

“இன்னும் பொழுது போகலீங்க சார்” என்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவள் இறங்கினாள். முழங்காலுக்கு மேல் வெள்ளம் இழுத்தது.

முதலில் ஹாரனை அமுக்கினாள். அது ஊரைக் கூட்டியது. ஆக, பாட்டரிக்கு உயிர் இருக்கிறது. பானெட்டைத் தூக்கி, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் மூடியைக் கழற்றினாள். உள்ளே லேசாக ஈரம் கோத்திருந்தது. அதையும் ஒயர்களையும் முந்தானையால் துடைத்துத் திரும்ப மாட்டினாள்.

“செல்ஃபை அமுக்குங்க சார்!”

இன்ஸ்பெக்டர் கையை நீட்டி அமுக்கினார். இன்ஜின் சுற்றிச் சுற்றி ஓய்ந்ததே தவிர, பிடிக்கவில்லை. கரையில் ஒரே சிரிப்பு.

தெய்வாத்தாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தக் கூட்டத்தின் முன்னால் அழுவதைவிட ஆற்றோடு போய்விடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு பிளக்கின் ஒயரைப் பிடுங்கி, ரப்பரைப் பிடித்து, அதன் நுனியை இன்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் காட்டினாள்.

“இன்னொருக்கா அமுக்குங்க!”

படக்கென்று நீல நெருப்பு தாவியது. கொழுகொழுவென்று, குறை சொல்ல முடியாத நெருப்பு.

நின்றுபோன வண்டிக்கு வியாதி ரெண்டே ரெண்டுதான் என்பான் ஆறுச்சாமி. ஒன்று, நெருப்பு இல்லை. இல்லாவிட்டால் பெட்ரோல் இல்லை. அவள் குனிந்து மோந்து பார்த்தாள். இத்தனை தரம் சுற்றியும் பெட்ரோல் வாசம் துளிகூட இல்லை.

ஒயரை மாட்டி, பானெட்டை மூடிவிட்டு, வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு இடது பக்கக் கதவுக்கு வந்தாள். இன்ஸ்பெக்டர் அதற்குள் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“கரண்டுதானுங்களே? நான்தான் அப்பவே சொன்னேனே. தேறலைன்னு எழுதிப்போடட்டுங்களா அம்மணி?” குரலில் தேன் ஒழுகியது.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டின்மேல், காலோடு, நாடாகூட அவிழாமல் இருந்த அந்தப் பூட்ஸைப் பார்த்தாள். பிறகு கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“பூட்ஸைக் கழட்டறேன்னு குனிஞ்சு நீங்க மூடுன பெட்ரோல் குழாயை, எங்க கொழுந்தனாரு பார்க்கத் திறந்துவிடுங்க சார்!”