ஒன்று விட்டு ஒன்று

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தது.

இருபத்து நான்காம் நாள் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார்.

அவள் வீட்டில் அவரை உட்காரவைக்க இடமில்லை. நான்கு சுவர்கள் மட்டும் வானம் பார்த்து நின்றன. அதனால் தெருமுனையில் தம்பி வேதமூர்த்தி வீட்டு முன்கொட்டகையில் நாற்காலி போட்டார்கள். புயல் அடித்த நாளிலிருந்து அவளும் அங்கேதான் இருந்தாள்.

தம்பி மகள் சடங்குக்காக ஆவணியில் போட்ட கொட்டகை. புயலில் ஒரு ஷீட்கூட அசையவில்லை.

வயலில் கிடந்த தன் கூரைத் தகரங்களை அவளே இழுத்து வந்து அங்கே சாய்த்து வைத்திருந்தாள்.

இன்சூரன்ஸ் பணம் வந்தால் பொங்கலுக்குள் கூரை. வராவிட்டால் கூரை எப்போது என்று அவளுக்குத் தெரியாது.

சர்வேயர் ஒரு தகரத்தின் போல்ட் ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டே போனார்.

முதல் ஓட்டை கிழிந்திருந்தது. தகரம் நாக்கு மாதிரி வெளியே நீண்டிருந்தது.

அடுத்ததன் மேல் தார் தோய்த்த துணி ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்தார். அடியில் ஓட்டை சின்ன வட்டமாக, நேற்றுப் போட்டது போல இருந்தது.

அடுத்தது கிழிசல்.

அதற்கடுத்தது துணி.

"காத்து பிச்சிருந்தா எல்லாமே கிழிஞ்சிருக்கணும்மா" என்றார். "ஒண்ணு விட்டு ஒண்ணுல போல்ட்டே இல்ல. பாதி போல்ட்டுல நின்னிருக்கு உங்க கூரை."

அவளுக்குப் புரியவில்லை.

அறுபத்து நான்கு போல்ட். எண்ணி வாங்கியவள் அவள். இரும்புப் பைப்பைக் கொக்கியாகப் பிடித்துக்கொள்ளும் ஜே போல்ட். உப்பளத்தில் இருபது வருடமாக வேலை. இரும்பை உப்புக்காற்று என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டையும் நீலப் பெயிண்டில் முக்கி எடுத்து, செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்தாள். ஜன்னலுக்கு வாங்கியதில் மிஞ்சிய பெயிண்ட்.

வருடா வருடம் மழைக்கு முன் ஸ்பேனரோடு ஏறி, ஒவ்வொன்றாக முறுக்கிவிட்டு இறங்குவாள்.

இந்த வருடம் முழங்கால் வீங்கியிருந்தது.

ஆடி கழிந்த மறுநாள் தம்பி வந்தான். "நீ கீழ உக்காருக்கா. நான் பாத்துக்கறேன்."

மேலே இரண்டு மணி நேரம் ஸ்பேனர் சத்தம் கேட்டது. தார் வாசனையும் வந்தது. கேட்காமலே தாரும் பூசுகிறானே என்று அவள் இறால் வாங்கிவந்து தொக்கு வைத்தாள்.

இறங்கும்போது அவன் பை கனத்தது. அவளே கை நீட்டி வாங்கித் தரையில் வைத்தாள்.

"இனிமே யானை வந்து இழுத்தாலும் அசையாதுக்கா."

உள்ளே வெக்கைக்காக அடைத்த கீற்றுத் தட்டி. அண்ணாந்தால் தட்டிதான் தெரியும். ஐப்பசி மழையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. உப்பளத்தில் எல்லோரிடமும் தம்பியைப் பற்றிச் சொன்னாள்.

"கடைசியா மேல ஏறினது யாரும்மா?"

சர்வேயர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் சர்வேயருக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

அவன் சொல்வான் என்று காத்திருந்தாள்.

"அக்காதான் சார்" என்றான். சிரித்தான். "வருசா வருசம் அதுவேதான் ஏறும். முழங்கால் வீங்கிக் கெடக்கு, இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இந்த வேலைன்னா, எங்க கேக்குது?"

டம்ளரை நீட்டினான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் அண்ணாந்தாள்.

சடங்குக்காகக் கொட்டகையின் உள்பக்கம் கட்டிய வெள்ளைத் துணி மூன்று மாதமாக அப்படியே கிடந்தது. சர்வேயர் வருகிறார் என்று அன்று காலைதான் தம்பி மனைவி அதை அவிழ்த்துத் துவைக்கப் போட்டிருந்தாள்.

பைப்பைப் பிடித்திருந்த கொக்கிகள் வரிசையாகத் தெரிந்தன.

நீலம்.

ஒரு மூலையிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

"அப்படித்தானாம்மா?" என்றார் சர்வேயர்.

வீட்டுக்குள் தம்பி மகள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். ரிப்பன் எங்கே அத்தை என்று கேட்டாள்.

அவள் எண்ணி முடித்தாள். முப்பத்திரண்டு.

இல்லை என்று சொல்லவில்லை.

சர்வேயர் எழுதினார். டீயைக் குடித்துவிட்டு, நல்ல டீ என்றார்.

தம்பியும் அண்ணாந்து பார்த்தான். பிறகு ஆற்றுவதற்கு டீ இல்லாத டம்ளரை ஆற்றினான்.

ஜனவரி 22 அன்று கடிதம் வந்தது. வீட்டுக்கு உரியவர் கூரையைச் சரிவரப் பராமரிக்காததால் இழப்பீடு வழங்க இயலாது என்று அதில் இருந்தது.

பொங்கல் போய், மாசியும் பிறந்த பிறகு சங்கத்தில் கடன் எடுத்து எட்டு ஷீட் வாங்கினாள்.

கடைக்காரர் கணக்குப் பார்த்தார். "எட்டு ஷீட்டுக்கு அறுபத்து நாலு போல்ட் வேணுமேம்மா?"

"பாதி இருக்கு" என்றாள்.

முப்பத்திரண்டு போல்ட்டும் ஒரு ஸ்பேனரும் வாங்கினாள்.