நூறாவது மேற்கோள்

“ஒரே ஒரு இடத்துல என் பேரைப் போடுறதுக்கு அந்தப் பொண்ணுக்கு என்ன கேடுங்கிறேன்?”

கேட்டவர் வேதிப் பொறியியல் துறைத் தலைவர் சேதுபதி. எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர் சேவுகப்பெருமாள் வழக்கம்போலத் தலையாட்டினார். தலையாட்டியே பேராசிரியர் ஆனவர் அவர்.

சேதுபதியின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. மருதவனம் பல்கலைக்கழகம் வருடாவருடம் கொடுக்கும் ‘சிறந்த ஆய்வாளர்’ விருதின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். புதுவயல் அரிசி ஆலைக் கழிவுநீரை உமிச் சாம்பலைக் கொண்டே தொண்ணூறு சதவிகிதம் சுத்தமாக்கிவிடலாம் என்று அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். மற்றவர்கள் எழுதும் நூறு கட்டுரைகளாவது அதை மேற்கோள் காட்டியிருந்தால்தான் விருது. அதுதான் விதி.

மேற்கோள் சேர்ப்பதில் மனுஷன் கெட்டிக்காரர். எல்லாம் கல்யாண வீட்டு மொய் மாதிரிதான். ஈரோட்டுக்காரருக்கு இவர் ஒன்று போட்டால் அவர் இவருக்கு ஒன்று போடுவார். நாக்பூரில் ஒருவருக்கு மூன்று போட்டு, மூன்றையும் சண்டை பிடித்துத் திரும்ப வாங்கினார். யாரும் யாருடைய கட்டுரையையும் வாசித்தது கிடையாது. வாசிக்க நேரம் இருந்தால் இன்னொரு கட்டுரை எழுதிவிட மாட்டார்களா!

இப்படியாகத் தொண்ணூற்றொன்பது சேர்ந்துவிட்டது. விண்ணப்பிக்கும் நாளும் நெருங்கிவிட்டது. ஆனால் அதே துறையில், அதே கழிவுநீரில், அதே உமிச் சாம்பலில் ஆய்வு செய்யும் உதவிப் பேராசிரியர் சந்திரலேகா வரிசையாகக் கட்டுரை எழுதுகிறாள், ஒன்றில்கூட இவர் பெயர் இல்லை.

“நெஞ்சழுத்தம் சார்” என்றார் சேவுகப்பெருமாள். “நீங்க கூப்பிட்டு வேலை போட்டுக் குடுத்த பொண்ணு.”

“வரச் சொல்லுங்க அவளை.”

சந்திரலேகா வந்து நின்றாள்.

“ஏம்மா, உன் புதுப் பேப்பர் அடுத்த மாசம் வருதாமே? அதுல என்னோடதை ஒரு இடத்துல காட்டிரு.”

“வேணாம் சார்.”

“வேணாமா?”

“அது அங்குட்டு ஒட்டாது சார். விட்டுருங்க.”

“என்னம்மா ஒட்டாது? நீ கலக்குறதும் உமிச் சாம்பல், நான் கலக்குனதும் உமிச் சாம்பல்!”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “இதை மட்டும் கேக்காதீக சார். வேற என்ன சொன்னாலும் செய்றேன்.”

சேதுபதிக்குச் சுள்ளென்று ஏறியது. மேஜை மேல் கிடந்த ஃபைலை விரலால் தட்டினார். அவளுடைய பதவி உயர்வு ஃபைல்.

“இதுல நான் கையெழுத்துப் போடணும்ல? நீ அங்க போடு. நான் இங்க போடுறேன்.”

அவள் முகம் செத்துப்போனது. அந்த உயர்வுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவள்.

“சரி சார், போடுறேன். ஆனா வெளிவர்றதுக்கு முன்னாடி என்ன எழுதிருக்கேன்னு ஒருக்கா படிச்சுப் பாத்துருங்க.”

“படிக்கிறதா? கம்ப்யூட்டர் தானா எண்ணிக்கிரும்மா. போ, போ.”

கட்டுரை வந்தது. எண்ணிக்கை நூறாகிவிட்டது. சேதுபதியும் சொன்ன சொல் தவறாமல் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே காரைக்குடிக்குப் போய் ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார். ஆளுயரத்துக்கு, கோட்டும் டையுமாக. இந்த வெயிலுக்குக் கோட்டு எதற்கு என்று கேட்கக் கூடாது. விஞ்ஞானி என்றால் கோட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

விருதுக்கான நேர்முகத்துக்கு வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் சத்தியமூர்த்தி. கண்டனூர்க்காரர், வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்றவர்.

“நூறும் சரியா இருக்கு” என்றார் அவர்.

சேதுபதி கைகூப்பிக்கொண்டே பாதி எழுந்துவிட்டார்.

“இருங்க, இருங்க. மத்ததெல்லாம் தூரத்துல உள்ளவுக எழுதினது. இந்தக் கடைசி ஒண்ணுதான் பக்கத்து ரூம்ல உள்ளவுக எழுதினது. அதனால இதை மட்டும் எடுத்துப் படிச்சேன். உங்க வாயாலயே வாசிங்களேன், எல்லாரும் கேக்கட்டும்.”

சேதுபதிக்கு உச்சி குளிர்ந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இங்கிலீஷில் இருந்ததைக் கணீரென்று வாசித்தார். தமிழில் சொன்னால் அது இதுதான்:

‘இந்த முறையில் நீர் தொண்ணூறு சதவிகிதம் சுத்தமாகிறது என்கிறார் சேதுபதி. அவர் செய்த அதே ஆய்வகத்தில், அதே கருவியில், நாங்களும் பலமுறை செய்து பார்த்தோம்...’

மீதியை முணுமுணுத்தார்.

‘...அதில் பாதிகூட வரவில்லை.’

விருது இயந்திரப் பொறியியல் துறைக்குப் போனது. ஃப்ளெக்ஸ் வாங்க ஆள் போகவில்லை.

சேதுபதி நேராகச் சந்திரலேகாவின் அறைக்குத்தான் போனார்.

“ஆளாக்கி விட்டவனையே கவுத்துட்டியே! நல்லா இருப்பியா நீ? எத்தனை நாளாக் காத்துக்கிட்டிருந்த, இப்படி எழுதுறதுக்கு?”

சந்திரலேகாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்க பேரைச் சொன்னா எனக்கு வந்த கணக்கையும் சொல்லித்தானே சார் ஆகணும்? பொய்யா எழுத எனக்கு வரலை. அதனாலதான் இத்தனை பேப்பர்லயும் உங்க பேரே வந்துறாமப் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். நீங்கதான் ஃபைலைக் காட்டிக் கேட்டு வாங்குனீக.”