ஆறிப்போன சூப்

உள்ளூர் வரலாறு பேசிக்கொண்டே சாப்பிடும் அந்தச் சங்கத்துக்குப் பல் டாக்டர் முதல்முறையாக விருந்தாளியாக வந்திருந்தார்.

சங்கத்தின் தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி பேச ஆரம்பித்தார். "நூறு வருஷத்துக்கு முன்னால இதே மேஜையிலதான் சூப்புல விஷம் வச்சாங்க. உட்கார்ந்திருந்த எல்லாரும் செத்துட்டாங்க. அவங்க வம்சம்தான் நாங்க."

டாக்டர் தன் முன்னால் வைத்திருந்த சூப்பைப் பார்த்தார். மற்ற யாரும் தங்கள் சூப்பைத் தொடவில்லை. எல்லார் கண்ணும் அவர்மேலேயே இருந்தது.

"ஆறிடப் போகுது, சாப்பிடுங்க டாக்டர்" என்றார் பக்கத்திலிருந்த வக்கீலம்மா.

"நீங்க யாரும் சாப்பிடலையே?"

"முதல்ல நீங்க. அப்புறம் நாங்க."

டாக்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"என்னை விட்டுடுங்க! விஷம் வச்சது என் கொள்ளுத்தாத்தாதான். அதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்? எனக்குச் சின்னச் சின்னக் குழந்தைங்க இருக்கு!"

நீதிபதி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க யாருன்னு இன்னிக்குக் காலையிலதான் எங்களுக்குத் தெரிஞ்சுது, டாக்டர். வந்ததும் கை கழுவுறேன்னு நேரா சமையலறைக்குள்ள போயிட்டீங்க. அப்போ பிடிச்சு எங்களுக்கு உயிரே இல்லை. தயவுசெஞ்சு ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க!"