காலண்டர் சிட்டு

"அந்தப் படத்துல இருக்கிறது செத்த சிட்டு" என்று ஊர் மன்றக் கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான்தான்.

கூடமே என் பக்கம் திரும்பியது. கனெலாசோ என்கிற சூடான பட்டைப் பானத்தை ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

ஆண்டீஸ் மலைக்குளிரில் எங்கள் ஊருக்கு இருக்கிற ஒரே பெருமை ரீங்காரச் சிட்டு. வருஷா வருஷம் மன்றம் போடுகிற காலண்டரின் அட்டையிலும் அதுதான். அட்டைப் படத்துக்கு ஒரு போட்டி; வீட்டில் எடுத்த படமாக இருக்க வேண்டும். சிட்டுக்குத் தொந்தரவு கொடுத்தது தெரிந்தால் ஆயுசுக்கும் போட்டிப் பக்கம் தலை காட்ட முடியாது.

மூன்று வருஷமாக அட்டையில் என் படம். நாலாவதும் எனக்குத்தான் என்று மனைவியிடமும் சலூன்காரரிடமும் சொல்லி வைத்துவிட்டேன்.

இந்த வருஷம் பார்த்தால், முதலிடத்தில் பக்கத்து வீட்டு ருஃபினா. அந்தம்மாவிடம் கேமராகூடக் கிடையாது. மூலை உடைந்த செல்போன், அவ்வளவுதான். அதில் எடுத்த படத்தில், பச்சைச் சிட்டு ஒன்று அவர் விரலில் ஜம்மென்று உட்கார்ந்து, சூப் கரண்டியில் குடிக்கிறது. ஒரு நொடிகூட ஓரிடத்தில் நிற்காத ஜந்து, விரலில் வந்து உட்காருமாம். யார் காதில் பூ சுற்றுகிறார்?

எனக்கு உண்மை தெரியும். கண்ணால் பார்த்தவன் நான்.

போட்டிக்குப் படம் எடுக்கவென்று ஒரு விடிகாலையில், என் வீட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் கேமராவோடு உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் மத்தியானமே, சிட்டுகள் குடிக்கத் தோட்டத்தில் தொங்கும் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகள் ஆறையும் இறக்கி வைத்திருந்தேன். படம் பிடிக்கிற நாங்கள் சிலர் செய்கிற வேலைதான். பழகிய தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போகாத சிட்டு, மறுநாள் பசியில் வேறு வழியில்லாமல் நாம் குறிவைத்த பூவுக்கே வந்து நிற்கும்.

அந்த நேரம் பார்த்து ருஃபினா வேலியைத் தாண்டி வந்தார். நான் குறிவைத்த அதே பூச்செடிக்கு அடியில் குனிந்து, கட்டை மாதிரி விறைத்துக் கிடந்த ஒரு சிட்டை எடுத்தார். கம்பளிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார். என் படம் கெட்டதே என்று எனக்கு எரிச்சலான எரிச்சல். எதற்கு எடுத்தார் என்பது இப்போதல்லவா புரிகிறது.

கூட்டத்தில் தோட்டத்தைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. விறைத்த சிட்டை அவர் எடுத்ததைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். நூல் கட்டி நிறுத்தியிருப்பார் என்று கையிலிருந்தும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.

மன்றத் தலைவி பியதாத் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ருஃபினா, அனிபால் ஐயா சொல்றது நெசமா?"

"எடுத்தது நெசந்தான். மிச்சத்தையும் பார்த்துடுங்க" என்று ருஃபினா செல்போனை நீட்டினார்.

அடுப்படி அலமாரியில் சாய்த்து வைத்து எடுத்த வீடியோ. உள்ளங்கையில் சிட்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு நடுக்கம். ஒரு கண் திறந்தது. கரண்டியை அருகில் கொண்டுபோனதும் ஊசி அலகு உள்ளே போனது. குடித்தது, குடித்தது, விரலில் ஏறி உட்கார்ந்து குடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கிர்ரென்று எழும்பி அடுப்படியில் மூன்று சுற்றுச் சுற்றி, ருஃபினாவின் கணவருடைய வழுக்கைத் தலையில் ஒரு நொடி இறங்கி, ஜன்னல் வழியாகப் பறந்தது.

கூடமே சிரித்துக் கைதட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் தட்டினேன்.

பியதாத்துக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "வீட்டுக்கு வீடு குப்பி தொங்குற ஊரு இது. இங்க ஒரு சிட்டு பட்டினியில விழுமா? எங்க கெடந்துச்சு?"

அது ஏன் விறைத்தது என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. பட்டினி போட்டவன் நான். ருஃபினா வாயைத் திறந்தால் என் கதை முடிந்தது.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"பாலத்துக்கிட்ட, ரோட்டோரமா கெடந்துச்சு. எங்கிருந்தோ வழி தப்பி வந்திருக்கும்."

அவர் படமே அட்டைக்கு என்று முடிவானது. எல்லாரும் கலைந்த பிறகு வாசலில் அவர் முன்னால் போய் நின்றேன். உங்கள்மேல் பழி போட்டவனுக்காக ஏன் பொய் சொன்னீர்கள் என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா?" என்றார் ருஃபினா. "ஊர் முன்னாடி மானம் போனா, நாளையிலேருந்து நீங்க குப்பியே தொங்கவிட மாட்டீங்க. அப்புறம் அதுங்க எங்க போய்க் குடிக்கும்?"