மூச்சை அடக்கிய கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டரில் ஒரு கார் பந்தய விளையாட்டு இருந்தது. வேறெந்த மெஷினிலும் அது ஓடாது. அதைப் பதிவு செய்ய வந்த லேப்டாப், படத்துக்குக் கேபிள் போட்டது. சத்தத்துக்கான கேபிளைச் செருகும் துளை துருப்பிடித்திருந்ததால், ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை நிறுத்தியது.

"அண்ணே, உங்க ஃபேன் சத்தம்தான் கேக்குது. விளையாட்டோட பாட்டு காதிலயே விழல," என்றது மைக்.

"அப்படியா தம்பி. நிறுத்திடறேன்," என்றது கம்ப்யூட்டர்.

"சூடேறி அணைஞ்சிட்டா, மறுபடி எழுந்திருப்பீங்களான்னே தெரியாது," என்று பதறியது லேப்டாப்.

"ஒரு பந்தயம்தானே. தாங்குவேன்."

ஃபேன் நின்றது. பாட்டு துல்லியமாகக் கேட்டது. கம்ப்யூட்டரின் மேல்மூடி தோசைக்கல்லாகக் கொதித்தது. ஆனாலும் படம் ஓரிடத்திலும் திக்கவில்லை. கார் கோட்டைத் தாண்டியது. அதற்குப் பிறகுதான் ஃபேன் பெருமூச்சு விட்டுச் சுழன்றது.

பதிவைச் சீராக்கும்போது மைக் கேட்டது: "கடைசியில ஃபேன் சத்தம் வருதே, வெட்டலையா?"

"ஜெயிச்சது அவர்தானே," என்றது லேப்டாப். "அந்தச் சத்தமும் இருக்கட்டும்."